கார்த்திக் என்று உனக்கு ஒரு நண்பன் இருந்தான்

பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமை புனே கேம்ப் கடைத்தெருவில், புடவைக் கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில், நீ தேன்மொழியின் கையை முறுக்கியதை நான் பார்த்தேன். காரின் பின்சீட்டில் பைகளோடு சாய்ந்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாய். அவளுடைய ஃபோனை நீ பிடுங்கினாய், அவள் விடவில்லை, மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாய். கண்ணாடி வளையல் மூன்று உடைந்து, ஒரு துண்டு சதைக்குள் ஏறியது. அவளோடு கல்லூரியில் படித்த எவனோ ஒருவன் அவளுடைய இணையப் பக்கத்தில் கல்யாண வாழ்த்து எழுதியிருக்கிறான். அவள் பதிலுக்குச் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டிருக்கிறாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். "யாரு இவன்? இப்பவே டிலீட் பண்ணு" என்று நீ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது, கண்ணாடி ஏற்றியிருந்தும் எனக்குக் கேட்டது. வண்டியில் ஏறும்போது அவள் கைக்குட்டையை மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மாமா, கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். "பார்த்து வரக் கூடாதா" என்றேன் நான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன புத்தி அது.

கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அவள் உன்னைக் கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்பதுதான் இந்த வாரம் முழுக்க என் மண்டையைக் குடைகிற கேள்வி. பெற்றவன் கேட்கிற கேள்வியா இது என்று உன் அம்மா சண்டைக்கு வந்தாள். நடந்ததையெல்லாம் நான் சொன்னபிறகு அவளே, "எழுதிடுங்க. ஒண்ணு விடாம எழுதிடுங்க" என்றாள். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று தெரியும். பரவாயில்லை, மெதுவாகவே படி. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் லீவ் லெட்டருக்கும் மெஷின் நின்றுபோனால் எழுதுகிற ரிப்போர்ட்டுக்கும்தான் ஆகும். அதில் எழுதினால் நான் செய்ததெல்லாம் ஏதோ பேரிங் தேய்ந்துபோன மாதிரி ஆகிவிடும்.

கதவில் இடித்துக்கொண்ட கதை எனக்குப் புதிதில்லை. பிம்ப்ரி குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது, நீ காக்கூ என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக் குல்கர்ணி மாமியிடம் உன் அம்மா மராத்தியில் தப்பில்லாமல் சொல்லப் பழகிய முதல் வாக்கியமே அதுதான். அம்மாவுக்கு இடது காது கேட்காது. சளி இறங்கிக் காது போய்விட்டது என்று உன்னிடம் சொல்லி வளர்த்தோம். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. உனக்கு நாலு வயது. முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் என் சட்டையில் பொத்தான் இல்லை. நான் விட்ட அறையில் செவிப்பறை கிழிந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், நான் வேறு சட்டை போட்டுக்கொண்டு பஸ் பிடிக்கப் போனேன். என் அப்பா என்னை அடித்து வளர்த்தார், அதனால் எனக்கும் கை வந்தது என்று எழுத ஆசைதான். அந்த மனுஷன் என்னை ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. வேலூர் தபால் ஆபீஸில் முத்திரை குத்தினார், வீட்டில் குரலைக்கூட உயர்த்த மாட்டார். இந்தக் கை எனக்கு யாரும் கொடுத்தது இல்லை, நானே வளர்த்துக்கொண்டது.

உன்னை அடித்ததற்கெல்லாம் கணக்குச் சொல்ல எனக்குத் தெரியாது, நினைவிருப்பதைச் சொல்கிறேன். ஏழாவதில் பூகோளத்தில் தோற்றதற்கு ஸ்கேல் முறியும்வரை அடித்தேன். முறிந்ததற்கும் சேர்த்து அடித்தேன். பத்தாவதில் பெல்ட். 'அடியாத மாடு படியாது' என்று ஊரில் சொல்வதை எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டேன். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்றும் சொல்வார்கள். அந்த இரண்டாவது வேலையை என் கை செய்ததாக உனக்கு நினைவிருந்தால் சொல், எனக்கு இல்லை.

நீ இன்ஜினியரிங் முதல் வருடம் சேர்ந்தாய், ஹாலில் கம்ப்யூட்டர் வந்தது. அந்த வருடம் வாரத்துக்கு ஓர் இணையதளத்தில் போய்ச் சேர்வாய். இன்று ஒன்று, அடுத்த வாரம் அது போரடிக்கிறது என்று இன்னொன்று. ஒருநாள் சாயங்காலம் நான் உள்ளே வரும்போது நீ குளிக்கப் போயிருந்தாய், திரை திறந்து கிடந்தது. உன் படம், சுற்றிலும் உன் நண்பர்கள் படம். எவனோ அந்தத் தளத்தில் உன் பக்கத்தில் இந்தியில் கேட்டிருக்கிறான், உன் அப்பா இன்னும் பெல்ட் வைத்திருக்கிறாரா என்று. அதற்குக் கீழே இருபது பேர் சிரித்திருந்தார்கள். நீ துண்டோடு வெளியே வந்தாய். நான் கீபோர்டைப் பிடுங்கி உன் முதுகில் அடித்தேன். மூன்றாவது அடியில் அது இரண்டாகப் பிளந்து, எழுத்துக் கட்டைகள் தரையெல்லாம் சிதறின. உன் முதுகில் ரத்தம் கட்டியிருந்தது. அம்மா அந்தக் கட்டைகளை முறத்தில் பெருக்கி எடுத்தாள். வீட்டில் நடப்பதை வெளியே சொல்கிறவன் இன்னும் என்னென்ன சொல்லியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும், எனக்கு அதுதான் வெறி.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, பிம்ப்ரி சௌக்கில் இருந்த நெட் கடைக்குப் போனேன். அந்தத் தளத்தில் உள்ளே இருக்கிறவர்கள் யாராவது அழைத்தால்தான் சேர முடியும் அப்போது. கடைக்கார சிந்திக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "க்யா அங்கிள், இந்த வயசுல கேர்ள்ஃப்ரெண்டா?" என்று கிண்டலடித்துவிட்டு, தன் கணக்கிலிருந்தே அழைப்பு அனுப்பினார். பெயர் கேட்டது. கார்த்திக் என்று அடித்தேன். வயது பத்தொன்பது. ஊர் மும்பை, மாதுங்கா. தமிழ்ப் பையன், அதனால் உனக்கு ஒட்டும். புனேக்காரன் இல்லை, அதனால் நீ நேரில் பார்க்கக் கேட்க மாட்டாய். படத்துக்குக் கடலும் சூரியனும். பையனை வேவு பார்க்க இத்தனை மூளை ஓடியது எனக்கு, அவனோடு உட்கார்ந்து பேச மட்டும் ஓடவில்லை.

ஆமாம் பிரபு. கார்த்திக் நான்தான்.

இதைப் படித்துவிட்டு நீ காகிதத்தைக் கசக்கி எறிந்திருக்கலாம். எறிந்திருந்தால் எடுத்து மீதியையும் படி, உனக்குத் தெரிய வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. ஆறு மாதம் நாம் பேசினோம். ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை நான் உன் நண்பன், ஏழு மணிக்குச் செருப்பைக் கழற்றும்போது உன் அப்பன். ஓவர்டைம் என்று அம்மா நம்பினாள். முதல் இரண்டு வாரம் வேவுதான் பார்த்தேன். பிறகு, எப்படி என்று தெரியவில்லை, ஐந்து மணி எப்போது ஆகும் என்று மெஷின் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நீ வேடிக்கையாகப் பேசுவாய் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. உனக்கு மிளகு ரசம் பிடிக்காது, எனக்குப் பயந்துதான் குடிக்கிறாய் என்று தெரியாது. 'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்று சொல்வார்களே, நான் அதைத் திருட்டுச் சாவி போட்டுத் திறந்தவன்.

அப்புறம் நீ கம்ப்யூட்டர் திரைக்குள் ஒரு புது உலகத்தைக் கண்டுபிடித்தாய். "கார்த்தி, இதுல வா, அதெல்லாம் வேஸ்ட்" என்று வழி அனுப்பினாய். அங்கே ஆளுக்கு ஓர் உடம்பு கொடுப்பார்கள். அந்த உடம்பு நடக்கும், பறக்கும், நிலம் பிடித்து வீடு கட்டும். நான் சுவரில் முட்டினேன், குளத்தில் விழுந்தேன், நீ விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதினாய். நீ கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டினாய். நல்ல வீடு. பின்னால் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தாய். உள்ளே ஓர் உருவம் நின்றது. நீலச் சட்டை, மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா. இது யாருடா என்று கேட்டேன். "எங்க வீட்டு சார்" என்று எழுதினாய். ஒரு தடியை எடுத்து அடித்தாய். அது விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. விழும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு முழங்காலை நெஞ்சோடு மடக்கியது. அது நீ விழுகிற விதம். நான் பதினைந்து வருடம் மேலே நின்று பார்த்த விதம். "நீயும் அடி கார்த்தி, மனசு லேசாகும்" என்றாய். தடியை என் கையில் கொடுத்தாய். நான் அடித்தேன். நான்கைந்து தடவை அடித்தேன்.

இந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுதினால் உனக்கு நன்றாக இருக்கும். அழவில்லை. கோபம்தான் வந்தது. என் சோற்றைத் தின்றுகொண்டு என் பொம்மையை வைத்து அடிக்கிறானா என்று ரத்தம் கொதித்தது. அன்று ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஃபேனை நிறுத்தவில்லை என்று சாக்குச் சொல்லி உன்னைப் பெல்ட்டால் விளாசினேன். பக்கிள் பக்கம் பட்டு உன் புருவம் கிழிந்தது. அந்தத் தழும்பை மறைக்கத்தான் நிச்சயதார்த்தப் படத்தில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நீ வாங்கிய அடிகளிலேயே பெரிய அடிக்குக் காரணம் என்னவென்று இத்தனை வருடம் உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

மறுநாள் ஐந்து மணிக்கு நீ கார்த்திக்கிடம் எழுதினாய்: "நேத்து காரணமே இல்லாம அடிச்சான். நாலு தையல்." அப்போதும் எனக்கு வெறி அடங்கவில்லை. இவன் என்ன ஆம்பிளை, பொம்மையை அடித்துவிட்டு வந்து புலம்புகிறான் என்று இளக்காரம். ஆலையில் பாய்லர் சேஃப்டி வால்வைச் சோதிக்கும்போது, திறக்கிறதா என்று பார்க்க அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவோம். அப்படி ஏற்றிப் பார்த்தேன். "தைரியம் இருந்தா நிஜத்துல திருப்பி அடி. அவமானப்படுத்துறவனை முதல்ல அடிக்கிறவன்தான் ஆம்பிளை" என்று எழுதினேன். நீ அடிக்க மாட்டாய் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு காலை உனக்கு நினைவிருக்கும், நான் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சட்னி விஷயமாக நான் அம்மாவின் மேல் தட்டை வீசினேன். நீ எழுந்து சமையலறைக்குள் போனாய். இன்னும் அடுப்பில் ஏற்றாத தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு வந்தாய். நான் கையைத் தூக்கினேன். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது தோளில். கீழே விழுந்தபிறகு மூன்றாவது. "விடுடா, விட்டுடுடா" என்று அம்மா உன் இடுப்பைப் பிடித்துத் தொங்கினாள், அவளையும் உதறினாய், அவள் நெற்றி நிலைப்படியில் மோதியது. நான் தலையைக் கையால் மூடி முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தேன். அழுதேன். ஆஸ்பத்திரியில் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்னேன். நீ அன்றே துணிகளை அள்ளிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய்.

நான் செய்த மகா பாவம் அதற்குப் பிறகு. நாலாம் நாள் மாவுக்கட்டோடு ஆட்டோ பிடித்து நெட் கடைக்குப் போனேன். இடது கை ஒற்றை விரலால், என்னடா ஆச்சு என்று கேட்டேன். நீ எழுதியது எனக்கு மனப்பாடம். "அடிச்சுட்டேன் கார்த்தி. கை நடுங்கவே இல்ல. அவன் அழுதான். அதைப் பார்க்க நல்லா இருந்துச்சு. அம்மா மேலயும் பட்டுடுச்சு, அதான் ஒரு மாதிரி இருக்கு. நான் பண்ணினது தப்பா?" நீ கேட்டாய் பிரபு. தப்பா என்று கேட்டாய். அந்த ஒரு நிமிடம் உன் கை எந்தப் பக்கம் திரும்பும் என்பது என் ஒரு விரலில் இருந்தது. அவனை நீ அடித்தது புரிகிறது, ஆனால் நல்லா இருந்துச்சு என்கிறாயே, அதற்குப் பயப்படு, போய் அம்மா காலில் விழு என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் கார்த்திக்கையும் வெறுத்துவிடுவாயோ என்று பயந்தேன். வீட்டில் நீ இல்லை. எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். அதனால், "தப்பே இல்ல. சூப்பர்டா" என்று எழுதினேன். நீ பதில் எழுதினாய்: "லைஃப்ல முதல் தடவையா ஒருத்தன் நான் செஞ்சது சரின்னு சொல்றான்."

அடுத்த வாரம் நீ மாதுங்காவுக்கு வருகிறேன் என்று ரயில் டிக்கெட் எடுத்தாய். ஸ்டேஷனில் நிற்கச் சொன்னாய். நான் கார்த்திக்கை அழித்துவிட்டேன். மூன்று மாதம் நீ எல்லாத் தளத்திலும் அவனைத் தேடினாய் என்று பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். செத்துப்போயிருப்பான் என்று நினைத்து, அந்த உலகத்தில் உன் வீட்டு வாசலில் அவனுக்கு ஒரு கல் நட்டாயாமே. உயிரோடு இருந்துகொண்டு அதை என் காதால் கேட்டேன்.

இதையெல்லாம் நான் குழியில் போட்டு மூடியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். நீ வேலைக்குப் போனாய், வீட்டுக்கு வரப்போக இருந்தாய், என்னைப் பார்த்து "சாப்டீங்களா" என்று கேட்கும் அளவுக்கு வந்தாய். நானும் ஆளைவிட்டால் போதும் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தது தூங்க விடவில்லை. புதன்கிழமை மதியம் ஹிஞ்சேவாடிக்குப் போய், தேன்மொழியின் ஆபீஸ் வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டேன். டீக்கடை ஓரமாக நின்று பேசினோம். இது எத்தனாவது தடவை என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு, மூன்றாவது தடவை என்றாள். ஒரு தடவை கன்னத்தில். "கேட்டா ஒண்ணு சொல்வார் மாமா. கார்த்திக்னு ஒரு ஃப்ரெண்ட் இருந்தானாம், அவன்தான் வாழ்க்கையையே கத்துக்கொடுத்தானாம். அவமானப்படுத்துறவங்களை முதல்ல அடிச்சுடணும்னு சொன்னானாம். செத்துப்போனவன் சொன்னது வேதம் மாதிரி அவருக்கு."

உன் வேதத்தை எழுதியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். அது வேதம் இல்லை. பெற்ற பிள்ளையைக் குத்திக் கிளறி வேடிக்கை பார்த்த ஒரு மட்டமான ஆள், பொய்ப் பெயரில் எழுதியது. நீ நம்பிய ஒரே நண்பன் உன்னை நாசமாக்கியவன்தான். அவள் ஃபோனில் யார் எழுதுகிறான் என்று தோண்டாதே. தோண்டினால் மனிதன் என்ன ஆவான் என்பதற்கு நான் இருக்கிறேன். கை எழும்பும்போது வெளியே போய்விடலாம் என்றெல்லாம் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. எலும்பு முறிந்தபிறகுதான் என் கை நின்றது. உன் கை அதற்கு முன்னால் நிற்க வேண்டும், அதற்கு என்ன வழி, எந்த டாக்டர் என்று தேடு. நான் கூட வருகிறேன்.

நேற்று இதுவரை எழுதியதைத் தேன்மொழிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். உன்னிடம் கேட்காமல் செய்தது தப்பென்றால் தப்புதான். கழுத்தை நீட்டப்போகிறவள் அவள், அவளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். அவள் நடுவில் நிறுத்தச் சொல்லவில்லை. அழவும் இல்லை. முடிந்ததும், "இது அவருக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "முதல்ல அவருக்குத் தெரியட்டும். தெரிஞ்சப்புறம் அவர் என்ன செய்றார்னு பார்த்துட்டு நான் முடிவு பண்றேன்" என்றாள். திருச்சியில் அவளுடைய அப்பாவிடம் அவளே பேசுவதாகவும் சொல்லிவிட்டாள்.

உனக்கு இப்போது கோபம் வந்திருக்கும். நியாயமான கோபம். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வா, அவளிடம் போகாதே. அவள் மேல் இனி உன் விரல் பட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிற முதல் ஆள் நான்தான். அவள் வேண்டாம் என்று சொன்னால், அழைத்த அத்தனை பேருக்கும் நானே ஃபோன் செய்வேன். பெண் வீட்டார் மேல் ஒரு குறையும் இல்லை, என் மகன் கை நீட்டுகிறவன், நீட்டினபோது சபாஷ் போட்டவன் நான் என்று சொல்வேன். உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் நான் அதைச் சொல்கிறேனா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பத்திரிகை கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்து ஃபோன் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அப்பா